ஏழாம் வகுப்பு திருத்திய நடைப் புத்தகம்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். ஆடிக் காற்று மணலை வாரி வாரி ஜன்னல் வழியாக வீசிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் பல்லில் நறநறவென்று கடிபடும். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்கு எழுதிப் போட்டுவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் பேசாமல் உட்கார்ந்த நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதில் அது ஒன்று.

வழக்கமாக அது சரித்திர பீரியட். அன்றைக்குப் பாடம் நடத்தவில்லை. நடத்த வேண்டிய புத்தகம் அலமாரியில் இல்லை. அதை எடுத்துப் போனவள் யாரென்று எனக்குத் தெரியும். பாக்கியம் மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் வரவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. பாக்கியத்தின் பெரியய்யா முத்துக்கருப்பன் நின்றிருந்தார். அவளுடைய தகப்பனாருக்கு அண்ணன். கணுக்கால் வரை கரிசல் மண், தோளில் துண்டு, கையில் அந்தப் புத்தகம். உள்ளே வந்து என் மேஜை மேல் பொத்தென்று போட்டார்.

"டீச்சரம்மா, உங்க புத்தகத்த நீங்களே வச்சுக்கங்க. எங்க வீட்டுல அது செஞ்ச வேல போதும்."

"என்ன செஞ்சுச்சு?"

"புள்ள மூணு நாளாச் சோறு திங்கல. வார அமாவாசைக்குச் சேதுக்கரையில எந்தம்பிக்குக் கருமாதி செய்யணும்னு இருக்கோம். செய்யக் கூடாதுன்னு வாசல மறிச்சுப் படுத்துக் கெடக்கா. ஏன்டின்னா, அய்யா திரும்பி வருவாக, புத்தகத்துல போட்டுருக்குங்குறா. படிச்ச பொம்பள நீங்க. பச்சப் புள்ளைக்கு இப்பிடியா சொல்லிக் குடுப்பீக?"

யார் என்ன சொன்னாலும் எதிர்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுகிறவள் இல்லை நான். அன்றைக்குப் புத்தகத்தை எடுத்து மேஜையின் ஓரத்தில் நேராக வைத்தேன், அவ்வளவுதான். வகுப்பில் முப்பது பிள்ளைகள் சிலேட்டும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பின்னால் தூரத்தில், பூவரச மரத்தடியில், பாக்கியத்தின் தாயார் காளியம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனின் அண்ணன், அதாவது மூத்தார், நிற்கும் இடத்துக்கு அவள் வரமாட்டாள். அது அந்த ஊர் வழக்கம்.

அட்டை இல்லாத புத்தகம்

மேலே போவதற்கு முன் அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம், சாயல்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்த கதையையும், பஸ் போகாத கடைசி நான்கு மைலை நடந்து கடந்து செருப்பு அறுந்த கதையையும் எழுதியிருந்தேன். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டிடம் பாதி, பனையோலைக் கொட்டகை பாதி. எனக்குக் கொடுத்தது கொட்டகை.

ஏழாம் வகுப்புக்குச் சரித்திரமும் என் பொறுப்பு. பாடப்புத்தகத்தில் இரண்டாம் உலக யுத்தத்துக்கு ஒன்றரைப் பக்கம். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துவிடுவார்கள். ஒரு நாள், "யுத்தம் எங்கேடா நடந்தது?" என்று கேட்டேன். "மூணாவது பாடத்துல டீச்சர்" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கையில் இருந்த சாக்பீஸைத்தான் எறிந்தேன். குறி தப்பிவிட்டது.

இத்தனைக்கும் அந்த ஊரில் பத்துப் பன்னிரண்டு வீடுகள் பர்மாவிலிருந்து வந்தவை. மழை பொய்த்த வருடங்களில் ரங்கூன் நெல் ஆலைகளுக்குப் பிழைக்கப் போனவர்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது காடும் மலையும் கடந்து நடந்தே வந்தவர்கள். யுத்தம் அந்தப் பிள்ளைகள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. அதுகளுக்குத் தெரியவில்லை.

என்னுடைய யுத்தம் ரொம்பச் சின்னது. பரமக்குடியில் எங்கள் வீட்டு விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியதும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று என் பாவாடையை ஒரு ஆடு மென்று தின்றதும்தான். அதை வைத்து எந்தப் பாடம் நடத்துவது?

அப்போதுதான் ராமநாதபுரம் ஆபீஸிலிருந்து நூலகப் பெட்டி வந்தது. புத்தகங்களை விட அதிகமாக உள்ளே கரையான் இருந்தது. தட்டி உதறியதில் ஒரு குழந்தைகள் கதைப் புத்தகம் விழுந்தது. அட்டையும் முதல் தாளும் கரையானுக்குப் போய்விட்டன. எழுதியவர் யார், அச்சிட்டவர் யார், ஒன்றும் தெரியாது. கதை மட்டும் முழுசாக இருந்தது. எட்டு அத்தியாயம். செல்லி என்ற சிறுமி அப்பா அம்மாவோடு பர்மாவிலிருந்து நடந்து வருகிறாள்.

அன்று மாலையே ஒரே மூச்சில் படித்தேன். குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம். பெரிய வார்த்தை ஒன்று கிடையாது. ஆனால் நடந்து வந்த கால் வலி அதில் இருந்தது. அந்த எழுத்தாளர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

தலைமையாசிரியர் பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "சரித்திர பீரியட்ல கதையாம்மா படிக்கப் போறீங்க?"

"ஆமா சார்."

"படிங்க. இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் பாடப்புத்தகத்த மேல வச்சுக்கங்க."

சரி, தப்பு

வெள்ளிக்கிழமைக்கு ஓர் அத்தியாயம். முதல் நாளே, ஒன்றரைப் பக்க யுத்தத்தில் தூங்கிய வகுப்பு மூச்சுக்கூட விடாமல் கேட்டது. நான் அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

"இது கதை. உங்க வீட்டுப் பெரியவங்க நெசமாவே நடந்து வந்தவங்க. இன்னைக்குப் படிச்சத வீட்டுல போய்ச் சொல்லுங்க. புத்தகத்துல இருக்கிறது சரியா தப்பான்னு கேட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் புத்தகத்திலேயே பென்சிலால் திருத்துவோம்" என்றேன்.

பர்மா வீடு இல்லாத பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். திங்கட்கிழமை காலையில் மணி அடிக்கும் முன்பே என் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், செல்லியோட அம்மா நகையைப் போட்டுக்கிட்டே நடந்தாங்கன்னு இருக்குல்ல, அது தப்பு. கொண்டைக்குள்ள வச்சு முடிஞ்சுக்கிட்டு வந்தாகளாம்."

"காட்டுல குரங்கு வெளையாட்டுக் காட்டுச்சுன்னு இருக்கு. எங்க சித்தப்பா குரங்கையே பாக்கலையாம். அட்டதானாம். கால்ல கொத்துக் கொத்தா தொங்குமாம்."

"பிளேன் வந்தாக் குப்புறப் படுத்துக்கிறது சரி டீச்சர். ஆனா பல்லுக்கு நடுவுல துணியக் கடிச்சுக்கிறணுமாம். அத விட்டுட்டாக."

உப்பளத்து வேலைக்குப் போகும் ஒருத்தியின் மகள், "அட்டையை எடுக்க ஒரு சிட்டிகை உப்பு இல்லாம அழுதாகளாம் டீச்சர். இங்கன மல மலையாக் குவிச்சுக் கெடக்குன்னு எங்க ஆத்தா சொல்லிச் சொல்லி அழுவுது" என்றாள்.

ஒவ்வொன்றையும் ஓரத்தில் எழுதினோம். சரியான இடத்தில் 'சரி'. பிசகான இடத்தில் 'தப்பு', பக்கத்தில் திருத்தம். அந்தப் பிள்ளைகளுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! அச்சடித்த புத்தகத்தைத் திருத்துகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலைந்தார்கள். பென்சில் பொறுப்பு பாக்கியத்துடையது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதிகம் பேசமாட்டாள்.

பாக்கியத்தின் தகப்பனார் அந்த நடையில்தான் காணாமல் போனார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்போது அவள் தாயின் இடுப்பில் கைக்குழந்தை. கூட்டத்தில் பிரிந்துவிட்டார், பின்னால் வருவார் என்று காளியம்மா சொல்லியிருந்தாள். வரவில்லை. காளியம்மா நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாகத்தான் இருந்தாள். சேதி தெரியாத புருஷனுக்காகக் காத்திருக்கிற மனைவி அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். தகப்பனைப் பற்றிப் பிள்ளை நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டுமே என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

பதில் வராத வாரம்

ஆறாவது அத்தியாயம் ஆற்றங்கரை. செல்லியின் அப்பாவுக்குக் காய்ச்சல். அவரால் நடக்க முடியவில்லை. "நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னாலேயே வருகிறேன்" என்கிறார். செல்லி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறாள்.

அந்தத் திங்கட்கிழமை என் மேஜைக்கு ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். எல்லார் வீட்டிலும் ஒரே பதில்: "போயி சோலியப் பாரு." இரண்டு பிள்ளைகளுக்கு முதுகில் ஓர் அறையும் கிடைத்திருந்தது.

பாக்கியம் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த அத்தியாயத்தின் ஓரம் வெறுமையாகவே இருந்தது.

ஏழாவதற்குப் பதில் கொட்டியது. கல்கத்தாவில் ரயில் ஏறுகிறார்கள், வழியெல்லாம் ஸ்டேஷனில் ஜனங்கள் சாப்பாடு கொடுக்கிறார்கள். "சரி டீச்சர், பொட்டலம் பொட்டலமாக் குடுத்தாகளாம்!" என்று ஒரே கூச்சல். பாக்கியம் பக்கம் முழுக்கச் 'சரி' எழுதினாள். புதன்கிழமை பார்த்தால் புத்தகம் அலமாரியில் இல்லை. அவளும் வரவில்லை.

எட்டாவது அத்தியாயத்தில் செல்லியின் அப்பா திரும்பி வருகிறார்.

பூவரச மரத்தடி

நான் எழுந்து வெளியே போனேன். பாக்கியத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது. கையைப் பிடித்து வகுப்புக்குள் கூட்டி வந்தேன். முத்துக்கருப்பன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். காளியம்மா வாசல் நிலையை ஒட்டி, மூத்தாருக்கு முகம் தெரியாமல் ஒதுங்கி நின்றாள்.

"பாக்கியம், அது கதைடி. கதையில அப்பா வந்தா நெசத்துல வரணும்னு இல்ல."

"கதைன்னா ஏன் டீச்சர் வீடு வீடாப் போய்க் கேக்கச் சொன்னீக?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஓரமெல்லாம் அவள் கையெழுத்து.

"கொண்டையில நகை, அட்ட, பிளேனு, ரயிலு, எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுத்தான எழுதுனோம்? தப்புன்னா தப்புன்னு சொன்னாகள்ல? அய்யா பின்னால வாரேன்னு சொல்றது தப்புன்னு ஒருத்தரும் சொல்லலையே. எங்க ஆத்தாளும் அதையேதான் சொல்லுது. அப்ப எட்டாவது பாடம் மட்டும் எப்பிடித் தப்பாகும்?"

முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்லிக்கொடுத்த வழியில்தான் அவள் வந்திருந்தாள். ஒரு படியைக்கூட விடவில்லை. வெட்கத்தால் காது சுட்டது.

"கேட்டீகளா?" என்றார் முத்துக்கருப்பன் பின்னாலிருந்து. குரலில் கோபம் போயிருந்தது. "பன்னெண்டு வருசம் பாத்தாச்சு. எங்க ஆத்தாளும் போன தையில போய்ச் சேந்துட்டா. இனியும் வருவான்னு இந்தப் புள்ள கெழவியாகுற வரைக்கும் வாசல்ல ஒக்காரவா?"

அப்போது காளியம்மா உள்ளே வந்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"டீச்சரம்மா, அந்த ஆத்துப் பாடத்தப் படிங்க."

படித்தேன். "நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னாலேயே வருகிறேன்" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அது தப்பு. அடிச்சிருங்க."

நான் பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"அவுக வாரேன்னு சொல்லல. பேச்சே இல்ல. ரெண்டு நாளா வாந்தி பேதி. மூணாம் நாள் ஆத்தங்கரையில எம்மடியில தலய வச்சுக் கெடந்தாக. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டாக. கூட வந்தவுக நிக்கல. நின்னா அவுகளும் போயிருவாக, அவுகளக் குத்தஞ் சொல்ல மாட்டேன். குழி தோண்ட எனக்குச் சத்து இல்ல. கல்லப் பொறக்கி அடுக்குனேன். இவள இடுப்புல வச்சுக்கிட்டு எத்தன கல்லு தூக்க? மொகத்த மட்டும் மூட முடிஞ்சுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ராம்நாடு டேசன்ல எறங்குனோம். அத்தை ஓடியாந்து, எம்மகன் எங்கன்னு கேட்டாக. பின்னால வாராகன்னு வாயில வந்துருச்சு. சொன்னதும் அவுக சிரிச்சாக டீச்சரம்மா. அந்தச் சிரிப்பப் பாத்த பெறகு நான் எப்பிடி மாத்திச் சொல்ல? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு பன்னெண்டு வருசம் போயிருச்சு."

இதில் எவ்வளவு இருக்கிறது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். புருஷன் செத்தது தெரிந்தும் பூ வைத்தவள், பொட்டு வைத்தவள். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பழி கிடையாது. மாமியாருக்காகத்தான் வைத்தாள் என்று யார் கேட்பார்கள்? தெருவில் தலை காட்ட விடமாட்டார்கள். அவள் இன்னும் பத்தே நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் கழித்துச் செய்கிற கணக்கில் கருமாதி முடிந்திருக்கும். அவள் சொன்ன பொய்யும் அதோடு கடலில் கரைந்திருக்கும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மகள் ஒருத்தி வாழ்நாளெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காக, மூத்தாரும் முப்பது பிள்ளைகளும் கேட்க அவள் அதைச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் மூலம் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு தைரியத்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் பாக்கியம் நம்பவில்லை.

"பொய்யி! கருமாதி நடக்கணும்னு சொல்ற. பெரியய்யாவுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்ற. இத்தன நாளும் வாராகன்னுதான சொன்ன? எது பொய்யி ஆத்தா? அதுவா, இதுவா?"

காளியம்மா மேஜையில் இருந்த பென்சிலை எடுத்து நீட்டினாள்.

"எழுது. அந்தப் பாடத்துக்குப் பக்கத்துல ஒங்க அய்யா பேர எழுது."

"எனக்குத் தெரியும்."

"நாஞ் சொல்றேன், கேட்டு எழுது." நிமிர்ந்து நின்றாள். "சண்முகம்."

பெண் பிள்ளைகள் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவன் பேரை எந்த மனைவியும் சொல்லமாட்டாள். கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லமாட்டாள்.

"சண்முகம்" என்று இன்னொரு தரம் சொன்னாள் காளியம்மா. உதடு கோணிக்கொண்டு போயிற்று.

பாக்கியம் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஓடிப்போய் அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருட அழுகை அது. வகுப்பே அழுதது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

கடைசி பெஞ்சில் அரவம் கேட்டது. முத்துக்கருப்பன் எழுந்து முன்னால் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் கோயில் வாசலில் மட்டும் அப்படிக் கட்டுவார்கள். தம்பி மனைவியிடம் முதல்முறையாக நேருக்கு நேர் பேசினார்.

"எங்க ஆத்தா கடைசி வரைக்கும் சிரிச்ச மொகமாத்தான் இருந்தா, தாயி. ஊருல எவனாச்சும் ஒரு வார்த்த கேட்டா, எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு."

வெளியே போய்ப் பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே புத்தகத்தை விரித்தாள். ஆற்றங்கரைப் பக்கத்தில் செல்லியின் அப்பா சொன்ன வரியை அடித்தாள். 'தப்பு' என்று எழுதினாள். அதற்குக் கீழே முத்து முத்தாக அய்யாவின் பேரை எழுதினாள். பென்சிலை எடுக்காமலே, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அய்யாவுக்குத் தண்ணி குடுத்தியா ஆத்தா?"

"குடுத்தேன்டி. ஆத்துல முந்தானைய நனைச்சு வாயில பிழிஞ்சேன்."

"குடிச்சாகளா?"

"குடிச்சாக."

பாக்கியம் அதையும் எழுதினாள்.